கைவினை மரப்பொருட்களில் பாம்புத் தோல் ஒட்டுவது முறையா?

வில்லாளன்:
பாம்புத் தோல் ஒட்டி நான் செய்த மரவில்லின் படத்துக்குக் கீழே, "அழகுக்காக ஓர் உயிரின் தோலை உரித்து ஒட்டுவது கைவினை ஆகாது" என்று ஈட்டிமரம் எழுதியிருந்தார். படங்களுக்கு நடுவே வாதம் செய்வது சரியன்று என்பதால் இங்கே பதில் எழுதுகிறேன். வட அமெரிக்கப் பழங்குடியினர் சிலர், விலங்கின் தசைநாரை வில்லின் முதுகில், அதாவது எய்பவரை நோக்காத வெளிப்புறத்தில், ஒட்டி, அதன்மேல் பாம்புத் தோலைப் போர்த்தினர். தசைநாரும் அதைப் பிடித்திருக்கும், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையும் ஈரத்தில் இளகிவிடும் என்பதால், மேலே ஒரு போர்வை தேவைப்பட்டது. ஆகவே இது வெறும் அலங்காரமாகப் பிறந்த வழக்கமன்று.

வேலையும் எளிதானதன்று. பதனிடாமல் உலர்த்திய தோலை நீரில் ஊறவைத்து, உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் மழுங்கிய கத்தியால் வழித்தெடுக்க வேண்டும். மரத்தை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு நீங்கத் துடைத்த பின்னரே பசை தடவலாம். தோலை நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவி, காற்றுக் குமிழி இல்லாமல் அமர்த்தித் துணிப்பட்டை சுற்றி விட்டுவிட வேண்டும். உலரும்போது தோல் சுருங்கும் என்பதால், விளிம்பில் மிச்சம் வைத்து ஒட்டி, காய்ந்த பிறகே அரத்தால் ராவ வேண்டும். கடைசியில் ஒட்டும் நாடாவை அழுத்தி இழுத்தால் செதில்கள் கண்ணாடிச் சில்லுகள்போல் பெயர்ந்து வரும்; கோலமோ தோலிலேயே நிற்கும். அதன்மேல் வார்னிஷ் பூசுகிறேன்.

ஈட்டிமரம்:
உங்கள் கைத்திறனை நான் ஒருபோதும் குறை சொல்லவில்லை, நண்பரே. ஆனால் நீங்கள் சொன்ன காரணம் தசைநார் ஒட்டிய வில்லுக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் படத்தில் இருந்தது ஒற்றை மரத்தில் செதுக்கிய வில். அதன் முதுகில் தசைநாரே இல்லை. பாம்புத் தோல் மிக மெல்லியது. வில் வளையும்போது முதுகின் மரநார் பிளப்பதைத் தசைநார் தடுப்பதுபோல் அது தடுக்காது. ஈரத்தைத் தடுப்பதும் பெரும்பாலும் மேலே பூசும் வார்னிஷ்தான். அப்படியானால் கைத்தடியிலும் பேனாவிலும் பெட்டி மூடியிலும் அது செய்யும் வேலை என்ன? அழகு என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை. இழைத்துத் தேய்த்து மெருகேற்றிய மரத்துக்கு அதன் ரேகையே அழகு. அதை மறைத்துவிட்டு வேறோர் உயிரின் கோலத்தைக் காட்டுவது எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊர்வனவற்றின் மூளை ஆக்சிஜன் இல்லாமலும் நெடுநேரம் தாங்கும். தலையைத் துண்டித்த பின்னும் அது உடனே அடங்குவதில்லை. மூளையைச் சிதைத்தால்தான் சாவு விரைந்து வரும். தோல் வணிகத்தில் ஒவ்வொரு பாம்பும் அப்படித்தான் கொல்லப்பட்டது என்று, வாங்கும் நம்மில் எவரால் உறுதி கூற முடியும்?

வில்லாளன்:
கொல்லும் முறை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அதற்கு விடை ஒழுங்குபடுத்துவதே தவிர, கைவினையையே விலக்குவது அன்று. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்த 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கையின்படி, மலைப்பாம்பு இனங்கள் எல்லாம் பட்டியலில் உள்ளன. அனுமதிச் சான்று இல்லாமல் அவற்றின் தோலை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்ல முடியாது. சான்றுள்ள தோலையே நான் வாங்குகிறேன். மேலும், ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளின் சன்ஷின், சீனத்தின் எர்ஹு ஆகிய மர இசைக்கருவிகளில் மலைப்பாம்புத் தோல்தான் ஒலியையே தருகிறது. அவற்றையும் விலக்கச் சொல்வீர்களா?

ஈட்டிமரம்:
அந்தக் கருவிகளில் தோல் அதிர்கிறது. அதை எடுத்துவிட்டால் கருவியே இல்லை. பேனாப் பிடியில் தோலை எடுத்துவிட்டாலும் பேனா எழுதும். அந்த வேறுபாட்டைத்தான் நான் சொல்கிறேன். அந்தக் கருவிகளிலுங்கூடச் செயற்கைத் தோல் போர்த்தியவை புழக்கத்துக்கு வந்துவிட்டன. சான்று பற்றி நீங்கள் சொன்னது முழுத் தோலுக்குச் சரி. ஒரு தோலை நறுக்கிப் பத்துப் பொருட்களில் ஒட்டியபின், வாங்குபவர் கையில் இருக்கும் துண்டு எந்தச் சான்றுக்கு உரியது என்று எப்படிக் காட்டுவீர்கள்?

நெல்லிக்கிளை:
இருவர் சொல்வதையும் படித்துவிட்டு எழுதுகிறேன். வளர்ப்புப் பாம்புகள் உரித்த சட்டையைத்தான் நான் சிறு பேழைகளில் ஒட்டி வருகிறேன். இதற்காக எந்த உயிரும் சாவதில்லை. ஆனால் சட்டை தோலுக்கு ஈடாகும் என்று சொன்னால் அது உண்மையாகாது. நிறம் பெரும்பாலும் தோலின் உள் அடுக்கில் இருப்பதால், உரிந்த சட்டையில் கோலம் மங்கலாகவே தெரியும். கருமையான மரத்தின்மேல் ஒட்டினால் செதில் வரம்புகள் வலைப்பின்னலாகப் புலப்படும். வெளிறிய மரத்தில் ஒன்றும் தெரியாது. தலையிலிருந்து புரட்டிக்கொண்டு கழற்றுவதால் சட்டை உட்புறம் வெளியாகக் கிடைக்கும். அதைத் திருப்பி, ஈரத்துணியில் வைத்து மென்மையாக்கி, நீர்த்த வெள்ளைப் பசையில் பரப்ப வேண்டும். சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், கையாளுமுன் சோப்பு நீரில் அலசுவதும் பிறகு கை கழுவுவதும் கட்டாயம். பழைய பதப்படுத்திய தோலை எவரேனும் கொடுத்தால் இன்னும் கவனம் தேவை. முற்காலத்தில் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த சோப்பைப் பூசிப் பதப்படுத்துவது உண்டு. அதன் தூளை உப்புத்தாளால் கிளப்பிவிடாதீர்கள்.

வில்லாளன்:
பெட்டி மூடியைப் பொறுத்தவரை ஈட்டிமரத்தோடு எனக்குச் சண்டையில்லை, காரணம்தான் வேறு. அகலமான பலகை ஈரக்காலத்தில் ரேகைக்குக் குறுக்கே விரியும், வறண்ட காலத்தில் சுருங்கும்; அதன்மேல் இழுத்து ஒட்டிய தோல் விளிம்பில் பெயரும் என்பதால் நான் மூடிகளில் ஒட்டுவதில்லை. துண்டுகளின் கேள்விக்கு என் விடை இதுதான்: இனத்தின் பெயரையும் சான்று எண்ணையும் ஒவ்வொரு பொருளின் அடியிலும் சூட்டுக்கோலால் எழுதிவிடலாம். வில்லின் முதுகை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஈட்டிமரம்:
எழுதி வைப்பது நல்லது. எழுதாத விற்பனையைவிட அது எவ்வளவோ மேல். என்றாலும் எண்ணை எழுதுவதால் அந்தத் தோலுக்கு அங்கே ஒரு வேலை வந்துவிடாது. வில்லின் முதுகைக் காக்கத்தான் வேண்டும் என்றால், ஆளி நாரையோ பட்டுத் துணியையோ வச்சிரத்தில் தோய்த்து ஒட்டுங்கள்; வில் செய்பவர்கள் பலர் அதைச் செய்கிறார்கள், அது நார் கிளம்பாமல் பிடித்தும் வைக்கும். அப்படி ஒரு வில்லைச் செய்து, முழுதாக வளைத்த நிலையில் முதுகின் படத்தை இங்கே இடுங்கள். தோல் போர்த்திய உங்கள் வில்லோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் மிச்சத்தைப் பேசலாம்.