சிடி ஸ்கேன் மெஷின் வாங்கினதுல நாங்க பட்டது, உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

வணக்கம். தேனிப் பக்கம் 30 பெட் ஆஸ்பத்திரி எங்களது. வீட்டுக்காரர் ஆர்த்தோ, கணக்கு வழக்கு எல்லாம் என் தலையில. ஆக்சிடென்ட் கேஸ் வந்தா தலைக்கு சிடி எடுக்க பக்கத்து ஊருக்கு ஆம்புலன்ஸ்ல அனுப்பணும், போனவங்கள்ல பாதிப்பேர் அங்கயே அட்மிட் ஆயிடுவாங்க, அதனால நாமளே ஒண்ணு போட்டுடலாம்னு 3 வருஷம் முன்னாடி இறங்கினோம்.

புதுசோட விலையைக் கேட்டதும் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அப்போதான் ஒரு டீலர், ரிஃபர்பிஷ்டு (பழசை சரி பண்ணது) 16 ஸ்லைஸ், அதாவது ஒரு சுத்துல 16 படம் எடுக்குறது, பாதி விலைக்கும் கீழ தர்றேன்னு வந்தாரு. எத்தனை ஸ்லைஸ், ஈஎம்ஐ எவ்ளோ, எப்ப மாட்டித் தருவீங்க, இதைத்தான் கேட்டோம். பழைய கார் வாங்கினப்ப மீட்டர்ல கிலோமீட்டர் பார்த்து, டயரை ஓங்கி உதைச்சுப் பார்த்த மனுஷன் எங்க வீட்டுக்காரர், இதுல எக்ஸ்ரே கதிரை உண்டாக்குற டியூப் எவ்ளோ ஓடியிருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. நானும்தான் கேக்கல.

7வது மாசம். ராத்திரி 11 மணி இருக்கும், பைக்ல இருந்து விழுந்த பையன் டேபிள்ல கிடக்கான், ஸ்கேன் பாதியில நின்னுபோச்சு. ஸ்கிரீன்ல டியூப் ஆர்க்னு எர்ரர், டியூப் உள்ள கரன்ட் பொறி அடிக்குதுன்னு அர்த்தம். டெக்னீஷியன் ஆஃப் பண்ணி ஆன் பண்ணி வார்ம்அப் குடுத்து திரும்ப எடுத்தா திரும்பவும் அதே. வெளிய அவங்கம்மா என் கையைப் புடிச்சிக்கிட்டு விடல. கடைசியில அதே பழைய ஆம்புலன்ஸ்ல அதே பக்கத்து ஊருக்குத்தான் அனுப்பினோம் (பையன் நல்லா இருக்கான், போன மாசம் பார்த்தேன்).

மறுநாள் சர்வீஸ் அக்ரிமென்ட்டை எடுத்துப் பார்த்தா சிஎம்சி (ஸ்பேரும் சேர்த்து)ன்னு கொட்டை எழுத்துல இருக்கு, 9ஆம் பக்கத்துல "வாக்யூம் பார்ட்ஸ் நீங்கலாக"ன்னு ஒரு வரி. வாக்யூம் பார்ட்னா உள்ள காத்தை எடுத்து சீல் பண்ணது, சிடில அது அந்த டியூப்தான்! மிச்சம் எல்லாத்துக்கும் கவர் இருக்கு, எது போகுமோ அதுக்கு இல்ல.

*

மேடம், நான் பயோமெடிக்கல் இன்ஜினியர். இந்த வாக்யூம் வரியை நான் பார்க்காத அக்ரிமென்ட் கம்மி. ஏஎம்சின்னு ஒரு வருஷ சர்வீஸ் ஒப்பந்தம் போட்டா பெரும்பாலும் வந்து பார்க்கிற கூலி மட்டும், சிஎம்சின்னா ஸ்பேரும் சேர்த்து, ஆனா டியூப், டிடெக்டர் (கதிரைப் பிடிச்சு படமாக்குற பாகம்), யூபிஎஸ் பேட்டரி மூணும் உள்ள வருதான்னு தனித்தனியா எழுதி வாங்கணும். டியூப் வாரன்ட்டி 1 வருஷம்னு சொல்வாங்க, கூடவே இத்தனை ஸ்கேன், எது முன்னாடி முடியுதோ அதுன்னு இருக்கும், அதையும் பாருங்க. பழைய மெஷின்னா சர்வீஸ் மோடுக்குள்ள போனா டியூப் எவ்ளோ ஓடியிருக்கு, எத்தனை தடவை ஆர்க் ஆயிருக்குன்னு லாக் கிடைக்கும், அதைக் காட்ட மாட்டேன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. சர்வீஸ் பாஸ்வேர்டு யார் கையில இருக்குன்னு கேளுங்க. நான் பார்த்த ஒரு இடத்துல டீலரே கடையை மூடிட்டாரு, சாவி அவரோட போச்சு, மெஷின் நல்லா இருந்தும் 4 மாசம் துணி போட்டு மூடி வச்சிருந்தாங்க.

*

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன், 14 வருஷம். எங்ககிட்ட யாரும் கேக்க மாட்டாங்க, மெஷின் இறங்கின அப்புறம்தான் கூப்பிடுவாங்க. முன்னாடி வேலை பார்த்த இடத்துல டிஆர் பேனல் (ஃபிலிம் இல்லாம படத்தை நேரா கம்ப்யூட்டருக்கு அனுப்புற தட்டு) லேட்டஸ்ட்டா வாங்கிட்டு, எக்ஸ்ரே டியூபுக்கு கரன்ட் குடுக்குற ஜெனரேட்டர் பழைய 100 எம்ஏவையே (மில்லி ஆம்பியர்) வச்சுக்கிட்டாங்க. செஸ்ட், கை, கால் எல்லாம் கண்ணாடி மாதிரி வரும். கொஞ்சம் கனமான ஆள் இடுப்பு வலின்னு வந்து லம்பார் லேட்ரல், அதாவது இடுப்பு முதுகெலும்பைப் பக்கவாட்டுல எடுக்கணும்னா, எம்ஏ பத்தாது, எக்ஸ்போஷர் டைமை இழுக்கணும், அதுக்குள்ள அவரு மூச்சு விட்டுடுவாரு, படம் கலங்கிடும், திரும்ப எடு, டோஸ் டபுள். டாக்டர் என்னைத் திட்டுவாரு. அந்த ஒயர்லெஸ் பேனலை ஒருநாள் வார்டு பெட்ல இருந்து தவற விட்டோம், அன்னையில இருந்து எல்லா நெஞ்சுலயும் குறுக்க ஒரு வெள்ளைக் கோடு. கீழ விழுந்தா வாரன்ட்டி கிடையாதாம்.

*

சோனாலஜிஸ்ட் நான், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பாக்குற டாக்டர். டெமோவுக்கு கம்பெனி ஆளுங்க ஒல்லியா ஒரு பையனைக் கூட்டிட்டு வருவாங்க, அவன் லிவர் எந்த மெஷின்ல போட்டாலும் அழகாத்தான் தெரியும். நான் எப்பவும் ஃபேட்டி லிவர் இருக்குற என் அக்காவைத்தான் படுக்க வைப்பேன், அங்க தெரியும் லட்சணம். பழைய ப்ரோப்னா (உடம்பு மேல வச்சு நகர்த்துறது) ஜெல் போடாம ஒரு பேப்பர் கிளிப்பை மெதுவா அது மூஞ்சியில நகர்த்துங்க, ஸ்கிரீன்ல கோடு கூடவே ஓடும், எங்க மறையுதோ அங்க ஒலியை அனுப்புற கிரிஸ்டல் செத்துப்போச்சு. அப்படி ஒரு தடவை 3 ப்ரோப்ல 2ஐ திருப்பி அனுப்பினேன்.

போன வருஷம் ஒரு சேல்ஸ் தம்பி "ஒரு வாரம் இங்கயே வச்சுப் பாருங்க டாக்டர்"னு போர்ட்டபிளை விட்டுட்டுப் போகப் பார்த்தாரு. புது கிளினிக், பிஎன்டிடி (கருவுல ஆணா பொண்ணான்னு பாக்குறதைத் தடுக்கிற சட்டம்) ரெஜிஸ்ட்ரேஷன் இன்னும் வரல. 1994 சட்டப்படி ரெஜிஸ்டர் ஆகாத இடத்துக்கு விக்கவும் கூடாது, தரவும் கூடாது, தம்பி நீ சேல்ஸ் டார்கெட் பாக்குற, சீல் வச்சா என் பேருதான் பேப்பர்ல வரும்னு சொல்லி, அவரையே திரும்பத் தூக்க வச்சேன். ஏற்கனவே ரெஜிஸ்டர் ஆன இடத்துல மெஷினை மாத்துறதுன்னாலும் 30 நாளைக்கு முன்னாடி எழுதிக் குடுத்துடணும்.

*

எல்லாருக்கும் நன்றி, தேனி ஆஸ்பத்திரிக்காரி நான்தான். இன்பாக்ஸ்ல ஏஇஆர்பி (எக்ஸ்ரே, சிடி மெஷினுக்கு லைசென்ஸ் குடுக்குற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) பத்தி ரெண்டு பேர் கேட்டீங்க. ரூம் லேஅவுட்டை முதல்ல முடிச்சுட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க. நாங்க உல்டாவா பண்ணோம், மெஷின் லாரில வந்து நிக்குது, கதிர் வெளிய வராம தடுக்குற ஈயக் கதவு இன்னும் ஆர்டர்ல இருக்கு, பெட்டியோட பார்க்கிங்ல தார்ப்பாய் போட்டுக் கிடந்துச்சு, அதுக்கு ஒரு வாட்ச்மேன் வேற. அவங்களோட ஆன்லைன் சைட் ஈ-லோரால லைசென்ஸ் வராம ஒரு ஸ்கேன் கூட எடுக்க முடியாது, ஈஎம்ஐ மட்டும் கரெக்ட்டா 5ஆம் தேதி போயிடும். ஆளுங்களுக்கு டிஎல்டி பேட்ஜ் (அவங்க மேல எவ்ளோ கதிர் பட்டுச்சுன்னு அளக்குறது), 2 வருஷத்துக்கு ஒருக்கா க்யூஏ (மெஷின் சரியா இருக்கான்னு டெஸ்ட்), இதையும் செலவுக் கணக்குல சேர்த்துக்கோங்க.

இப்போ புது டியூப் போட்டு ஓடுது. அடுத்து மேமோகிராம் போடலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறாரு. ப்ரோஷரை வாங்கி பீரோல வச்சுப் பூட்டிட்டேன், முதல்ல சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊர்ல இருக்காருன்னு கேட்டுட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன்.