மர ரோயிங் மெஷின்: தண்ணீர்த் தொட்டியா, காற்று விசிறியா?

கேட்டவர்: தினம் அரை மணி நேரம் படகுத் துடுப்பு வலிப்பது போன்ற பயிற்சிக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்த மர ரோயிங் மெஷின் வாங்கலாமா? தொட்டியில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து எதிர்ப்பை மாற்றலாம் என்கிறார்களே?

மரத்தச்சன்: தாராளமாக வாங்குங்கள். காற்று விசிறியின் இரைச்சல் பக்கத்து அறை வரை போகும். இதில் தண்ணீர் சலசலப்பு மட்டும்தான். ஆஷ், ஓக் போன்ற கடின மரம் அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் லேசாக இருக்கும், வேகமாக இழுத்தால் தானே கனக்கும். வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் திறன் சுமார் எட்டு மடங்கு.

விசிறிக்கட்சி: அந்தக் கணக்கு காற்றுக்கும் அப்படியே பொருந்தும் நண்பரே, அதைத் தண்ணீரின் தனிச்சிறப்பாகச் சொல்ல வேண்டாம். தண்ணீர் அளவு சைக்கிள் கியர் மாதிரி கிடையாது. கூட்டினால் கனமான படகை இழுப்பது போல இருக்கும், அவ்வளவுதான். அதையும் பயிற்சிக்கு நடுவில் மாற்ற முடியாது, பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். விசிறியிலோ ஒரு நெம்புகோலைத் தள்ளினால் போதும். எனக்கு முக்கியமாகப் படுவது அளவீடு. நல்ல காற்று மெஷினின் மானிட்டர், ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் விசிறி எவ்வளவு வேகமாகத் தணிகிறது என்று பார்த்து எதிர்ப்பைக் கணக்கிடும். அதனால் இன்றைய 2000 மீட்டரை அடுத்த மாத 2000 மீட்டரோடு ஒப்பிடலாம். தண்ணீர் மெஷின்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை. மட்டம் இறங்கினால் எண்ணும் பிசகும்.

மரத்தச்சன்: கியர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அளவீட்டுக்கு வழி உண்டு: தண்ணீர் மட்டத்தைத் தொட்டியில் உள்ள கோடு பார்த்து ஒரே அளவில் வைத்திருந்தால், அதே மெஷினில் உங்கள் முன்னேற்றம் தெரியும். பரவலாக உள்ள மாடல்களுக்குச் சுமார் 17 லிட்டர் பிடிக்கும். கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள், மெஷினை நிமிர்த்தி வைக்கும்போது மூடி வழியே கசியும். வெயில் படும் இடத்தில் வைத்தால் பாசி பிடிக்கும். குளோரின் மாத்திரை ஆறு மாதத்துக்கு ஒன்று, தண்ணீர் கலங்கினால் முன்பே போடலாம். ப்ளீச்சிங் திரவம் மட்டும் கூடவே கூடாது.

விசிறிக்கட்சி: போல்ட்டையும் சொல்லுங்கள். ஈரப்பதம் மாற மாற மரம் உப்பிச் சுருங்கும். போல்ட் தளர்ந்து கிறீச்சிடும். முதல் மாதம் கழித்து ஒருமுறை முறுக்க வேண்டும். அளவுக்கு மீறினால் மரம் நசுங்கிவிடும்.

கேட்டவர்: உயரம் ஆறடிக்கு மேல். முழங்காலில் கொஞ்சம் வலியும் உண்டு.

விசிறிக்கட்சி: அப்படியானால் இருக்கை உயரத்தை அளந்து பாருங்கள். மர மாடல்கள் பல தரையிலிருந்து சுமார் 30 செ.மீ.தான், எழுந்திருக்கச் சிரமம்.

மரத்தச்சன்: அதை மறுக்கவில்லை. மெஷினின் கால்களை உயர்த்திய மாடலும் கிடைக்கும். உட்கார்ந்து காலை முழுதாக நீட்டுங்கள், இருக்கை அது நகரும் தண்டவாளத்தின் முனையில் இடித்தால் அந்த மெஷின் வேண்டாம். நிமிர்த்தி வைக்க 2.1 மீட்டருக்கு மேல் கூரை உயரமும் தேவை.