சர்வீஸ் சார்ஜ்: உங்கள் கட்டடத்தில் நடந்ததை எழுதுங்கள்

இங்கிலாந்தில் ஃபிளாட்டை லீஸில், அதாவது நீண்டகாலக் குத்தகையில், வாங்கியவர்கள் கட்டடப் பராமரிப்புக்காக அதன் உரிமையாளரான ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் தொகைதான் சர்வீஸ் சார்ஜ். அவரவர் ஊர்ப் பெயரில் எழுதியவை கீழே.

ஈஸ்ட் ஹாம்

சர்வீஸ் சார்ஜ் கணக்குகளைப் பார்க்க வேண்டும் என்று லாண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி எழுதிக் கேட்டிருந்தேன். எழுதி, நினைவூட்டி, மறுபடியும் எழுதிய பிறகு வரச் சொன்னார்கள். நிர்வாக நிறுவனத்தின் அலுவலகத்தில் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு பெண் எதிரே உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்புறுதி, லிப்ட், குப்பை அறை எல்லாம் புரட்டிக்கொண்டே போனேன். துப்புரவு ரசீதுகள் ஒவ்வொன்றின் பின்னாலும் வேலை முடிந்ததற்கு அத்தாட்சியாக ஒரு நிழற்படம் பின் குத்தியிருந்தது. எங்கள் இரண்டாம் மாடிப் படிக்கட்டு. கைப்பிடிக் கம்பியோடு சங்கிலி போட்ட சிவப்புச் சைக்கிள். இருக்கையின் மேல் மழைக்காகக் கட்டிய பிளாஸ்டிக் பை. அது என் மகனுடைய சைக்கிள். ஜனவரி ரசீதில் அது இருந்தது, சரி. ஜூன் ரசீதிலும் இருந்தது. நவம்பர் ரசீதிலும் இருந்தது. பிப்ரவரியிலேயே அதை மைத்துனியின் பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று. சுவரோரத்தில் அதே தண்ணீர்க் கறை, பையில் அதே முடிச்சு.

அந்தப் பெண்ணிடம் காட்டினேன். பார்த்தார். "அதை காண்ட்ராக்டரிடம்தான் கேட்க வேண்டும்" என்றார். குரலில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. அதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது. அந்தப் படங்களைப் பார்த்துச் சரிபார்க்கும் வேலை அந்த அலுவலகத்தில் யாருக்கும் இல்லை, ஏனென்றால் அந்தப் பணம் அங்கே யாருடையதும் இல்லை. வேலைக்கு ஆள் வைப்பவர்கள் அவர்கள். கூலி கொடுப்பவர்கள் நாங்கள். வேறு எந்தக் கொடுக்கல் வாங்கலில் இதை ஒத்துக்கொள்வோம்?

ஹாரோ

சைக்கிள் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, அண்ணா.

2017இல் லண்டனில் நடந்த கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீவிபத்துக்குப் பிறகு எங்கள் கட்டடத்தையும் சோதித்து, வெளிச்சுவர்ப் பூச்சுத் தகடுகள் ஆபத்தானவை என்று சொல்லிவிட்டார்கள். சரிசெய்யும்வரை இரவு பகலாகத் தீக்காவல் வேண்டும், செலவு எங்கள் சர்வீஸ் சார்ஜில். விற்கவும் முடியாது, கடனை வேறு வங்கிக்கு மாற்றவும் முடியாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

இரவு வேலை முடிந்து வரும்போதெல்லாம் முன்வாசலில் ஒரு பையன் ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். மடியில் ஒரு காற்றுக் குழல். தீப்பிடித்தால் அவன் மாடி மாடியாக ஓடி அதை ஊத வேண்டும். ஒருநாள் போனில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தான், தமிழில். சாவகச்சேரி. படிக்க வந்தவன். தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேச்சோடு பேச்சாக அவனுக்கு மணிக்கு என்ன கிடைக்கிறது என்று சொன்னான். எங்களுக்கு வந்த பில்லில் அதே ஒரு மணி நேரத்துக்குப் போட்டிருந்த தொகையில் அது பாதிகூட இல்லை.

"அக்கா, நீங்களா எனக்குச் சம்பளம் தருகிறீர்கள்?" என்று கேட்டான். ஆம் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. நடுவில் எத்தனை கைகள் இருக்கின்றன என்று எனக்கே தெரியாது.

2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 11 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் தகுதியுள்ள லீஸ்காரர்களைத் தகடு மாற்றும் செலவிலிருந்து காப்பாற்றியது. அதற்கு முன்பே கட்டித் தீர்த்த காவல் பணத்தை யாரும் எங்களுக்குத் திருப்பித் தரவில்லை.

ரெடிங்

என் அனுபவம் சின்னது. ஒரு வருடக் கூடுதல் தொகையை ஏற்க மாட்டேன் என்று கட்டாமல் வைத்திருந்தேன். அவர்களுடைய வழக்கறிஞர் எனக்கு எழுதுவதோடு நிற்காமல் என் வீட்டுக் கடன் வங்கிக்கும் எழுதினார். லீஸ் பறிபோனால் வங்கியின் அடமானமும் போய்விடும் என்பதால், வங்கி கேட்ட பணத்தை அப்படியே கொடுத்துவிட்டு என் கடனில் சேர்த்துக்கொண்டது. வங்கிக் கணக்கு அறிக்கையில் ஒரே ஒரு வரி. என் சம்மதம் கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. அந்த ஒற்றை வரியில் இருந்த தொகைக்கு இன்றும் வட்டி கட்டுகிறேன்.

ஈஸ்ட் ஹாம் அண்ணாவுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் கையில் இருக்கும் சான்று வீணாகிவிடக் கூடாது. முதலில், அந்த ரசீதுகளின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1985ஆம் ஆண்டு லாண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 21ஆம் பிரிவில் செலவுச் சுருக்கம் கேட்கலாம். அது கிடைத்த ஆறு மாதத்துக்குள் 22ஆம் பிரிவில் ரசீதுகளைக் கேட்க வேண்டும். நியாயமான காரணமில்லாமல் காட்டாமல் இருப்பது குற்றம். காப்புறுதி விவரத்தைக் கேட்கத் தனி உரிமை இருக்கிறது, அதையும் விடாதீர்கள். தரகுப் பணம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்து, பணத்தை நிறுத்தி வைக்காதீர்கள். எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்" என்று எழுதிவிட்டுக் கட்டுங்கள். கட்டியதாலேயே ஒத்துக்கொண்டதாக ஆகாது. பிறகு சொத்துத் தீர்ப்பாயத்தில் 27ஏ பிரிவின்படி மனுப் போடுங்கள். செலவு நியாயமானதா, வேலை தரமாகச் செய்யப்பட்டதா என்ற இரண்டையும் 19ஆம் பிரிவில் கேட்கலாம். மனுவோடு 20சி பிரிவையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லையென்றால் உங்களை எதிர்த்து வாதாடிய வழக்கறிஞரின் கட்டணமே அடுத்த வருட சர்வீஸ் சார்ஜில் உங்கள் பங்காக வந்து நிற்கும். இது பலருக்கு நடந்திருக்கிறது.

பில் வந்த தேதிகளையும் பாருங்கள். செலவு செய்து 18 மாதத்துக்குள் பில்லோ எழுத்து அறிவிப்போ வரவில்லை என்றால் அந்தப் பணத்தைக் கேட்கும் உரிமை அவர்களுக்குப் போய்விடும். ஒரு வீட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் வரும் பழுதுவேலைக்கு 20ஆம் பிரிவின்படி முன்கூட்டியே கருத்துக் கேட்க வேண்டும். கேட்காமல் செய்திருந்தால், தீர்ப்பாயம் விலக்குக் கொடுக்காதவரை, 250 பவுண்டுக்கு மேல் வசூலிக்க முடியாது.

சட்டன்

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். எங்கள் கட்டடத்தில் வீட்டுக்காரர்களே சேர்ந்து 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிர்வாக உரிமையை எடுத்துக்கொண்டோம். அதற்காக அமைத்த கம்பெனியின் இயக்குநர்களில் நான் ஒருவன், சம்பளம் கிடையாது. எடுத்த முதல் வருடம் சர்வீஸ் சார்ஜ் குறையவில்லை, கூடியது. பழைய நிறுவனம் கூரையைப் பல வருடம் தொடாமல் விட்டிருந்தது, சேமிப்பு நிதியில் ஒன்றும் இல்லை.

பாக்கி வைத்திருந்த ஒரு வீட்டுக்கதவைத் தட்டினேன். தெரிந்த குடும்பம், கோயிலில் பார்த்துக்கொள்பவர்கள். திறந்தவர் என்னைப் பார்த்து, "இப்போது நீங்களும் கொள்ளையடிக்கத் தொடங்கிவிட்டீர்களா, தம்பி?" என்றார். பின்னால் அவருடைய பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரை ஒழுகுவது அவருடைய படுக்கையறைக்கு மேல்தான்.

ஆகவே ஈஸ்ட் ஹாம் நண்பரே, எல்லாப் பில்லும் மோசடி என்று எழுதாதீர்கள். லிப்ட் பழுது, தீக்கதவு, கட்டடக் காப்பீடு எல்லாம் உண்மையிலேயே ஏறியிருக்கின்றன. யார் நடத்தினாலும் பணம் வேண்டும்.

ஈஸ்ட் ஹாம்

சட்டன் நண்பருக்கு: எல்லாப் பில்லும் மோசடி என்று நான் எழுதவில்லை. ஒரே படத்தை வருடம் முழுவதும் ஒட்டிப் பணம் வாங்கியதை எழுதினேன். உங்கள் கட்டடத்தில் உங்கள் வேலை பிடிக்காவிட்டால் கூட்டம் போட்டு உங்களை மாற்றலாம். உங்கள் பில்லில் உங்கள் பங்கும் இருக்கிறது. எங்களுடைய ஃப்ரீஹோல்டர் யார் என்பதே நிலப் பதிவேட்டில் பணம் கட்டித் தேடித்தான் தெரிந்தது. கையில் ஒரு கம்பெனிப் பெயர், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

லூயிஷம்

என் பெற்றோர் உள்ளாட்சி மன்றமான கவுன்சிலின் வீட்டை வாங்கியவர்கள். ஃப்ரீஹோல்டர் கவுன்சில்தான், அதனால் பயமில்லை என்று அப்பா எப்போதும் சொல்லுவார். ஜன்னல்களும் கூரையும் மாற்றப்போவதாகக் கடிதம் வந்தது. ஒரு வீட்டின் பங்கு அப்பாவின் இரண்டு வருட ஓய்வூதியத்தைவிட அதிகம்.

வார இறுதியில் போனபோது அம்மா அந்தக் கடிதத்தைச் சாமியறையில், பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்திருந்தார். விளக்கின் எண்ணெய் உறையில் ஊறியிருந்தது. கருத்துச் சொல்லக் கொடுத்த 30 நாளில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. அப்பா, "அரசாங்கக் கடிதம், பதில் எழுதினால் தப்பாகிவிடும்" என்றார். இருந்த நாள்களுக்குள் நான் உட்கார்ந்து எழுதினேன். பழைய ஜன்னல்களைப் பழுதுபார்த்தால் போதாதா என்று கேட்டேன். "உங்கள் கருத்தைக் கவனத்தில் கொண்டோம்" என்று பதில் வந்தது, தொகை மாறவில்லை.

இங்கே யாராவது ஃபுளோரி சட்டத்தைச் சொல்வீர்கள். 2014இல் வந்தது, கவுன்சில் வீட்டை வாங்கியவர்களிடம் இப்படிப்பட்ட வேலைகளுக்கு வசூலிக்கும் தொகைக்கு லண்டனில் ஐந்து வருடத்துக்கு 15,000 பவுண்டு, வெளியே 10,000 என்ற உச்சவரம்பு. அது மத்திய அரசு நிதியில் நடக்கும் வேலைகளுக்கு மட்டும். எங்கள் வேலை கவுன்சிலின் சொந்தப் பணத்தில் நடக்கிறது. தவணையில் கட்ட ஒத்துக்கொண்டார்கள். தவணை முடியும்போது அப்பாவுக்கு எண்பது தாண்டியிருக்கும்.

கிளாஸ்கோ

ஸ்காட்லாந்தில் இந்தத் தொல்லை இல்லை. ஃபிளாட் நமக்கே சொந்தம், படிக்கட்டும் கூரையும் எல்லோருக்கும் பொது. பராமரிப்பு நிறுவனத்தோடு சண்டை இங்கேயும் உண்டு, ஆனால் கட்டடத்தில் உள்ளவர்கள் சேர்ந்து அதை நீக்கலாம். நாங்கள் நீக்கினோம். எங்கள் சமையலறையில் கூடி, கையெழுத்து வாங்கி, ஒரு கடிதம் அனுப்பினோம். அதற்கு முன் குரோய்டனில் லீஸ்ஹோல்டில் இருந்தவன் நான். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டபோது எனக்குக் கை நடுங்கியது. ஒரே நாட்டின் ஒரு பாதியில் இது சாதாரணம் என்பதை நம்பவே நேரமானது.

வெம்ப்லி

பல வருடமாக லீஸ்ஹோல்ட் சீர்திருத்த இயக்கத்தோடு நிற்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஆளுக்கொரு கதையாக எழுதி ஆறுதல் அடைந்தால் போதாது.

என்னை இதில் இறக்கியது ஒரு தீர்ப்பு. வேல்ஸில் ஆக்ஸ்விச் என்ற கடற்கரையில் விடுமுறைக் குடில்கள். லீஸில் சர்வீஸ் சார்ஜ் வருடம் 90 பவுண்டு, ஆண்டுதோறும் 10 சதவீதம் கூடும் என்று எழுதியிருந்தது. 1980இல் எழுதிய லீஸ் என்றால் 2072இல் அது வருடத்துக்கு 5,50,000 பவுண்டைத் தாண்டும். உச்ச நீதிமன்றம் 2015இல், எழுதியது எழுதியதுதான் என்று சொல்லிவிட்டது. நீதிபதிகள் சட்டத்தைத்தான் படித்தார்கள். ஆகவே சட்டம்தான் மாற வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

2022 ஜூன் 30 முதல் பெரும்பாலான புதிய லீஸ்களில் நிலவாடகை கிடையாது. பழைய லீஸ்காரர்களான நமக்கு அது உதவாது. 2024 மே மாதம் நிறைவேறிய சட்டம் 990 வருட நீட்டிப்பையும், 80 வருடத்துக்குக் குறைந்த லீஸை நீட்டிக்கும்போது வாங்கும் 'மேரேஜ் வேல்யூ' என்ற கூடுதல் தொகையின் ஒழிப்பையும், காப்பீட்டுத் தரகுக்குத் தடையையும் எழுதி வைத்தது. எழுதியதில் பெரும்பகுதி நான் இதை எழுதும்போதும் நடைமுறைக்கு வரவில்லை. ஃப்ரீஹோல்டர்கள் அந்தச் சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போய், 2025 அக்டோபரில் தோற்றார்கள். 2026 ஜனவரியில் வந்தது வரைவு மசோதா: பழைய நிலவாடகைக்கு 250 பவுண்டு உச்சவரம்பு, லீஸைப் பறிமுதல் செய்யும் பழைய அதிகாரத்துக்கு முடிவு, புதிய ஃபிளாட்டுகளுக்கு, ஃபிளாட்காரர்களே சேர்ந்து கட்டடத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் காமன்ஹோல்ட் முறை. இப்போதைக்கு 350 பவுண்டுக்கு மேல் பாக்கி இருந்தாலே பறிமுதல் நடவடிக்கையைத் தொடங்க இடமிருக்கிறது. ரெடிங் தம்பியின் வங்கி பயந்தது அதற்குத்தான்.

என் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கப் போனேன். நான் சட்டம் பேசியவரை தலையாட்டினார். பக்கத்து வீட்டு மூதாட்டி தன் மூன்று வருடப் பில்களை மேசைமேல் வரிசையாக வைத்து, காப்பீட்டுத் தொகை இருந்த வரியில் விரலை வைத்து, "இது ஏன்?" என்று மட்டும் கேட்டார். உறுப்பினர் பேனாவை எடுத்தது அப்போதுதான். ஆகவே பில்லை எடுத்துக்கொண்டு போங்கள். சட்டன் நண்பரும் வாருங்கள். நடத்திக் காட்டியவர்களின் வாக்குமூலம்தான் எங்களுக்கு அதிகம் தேவை.

ஈஸ்ட் ஹாம்

எல்லோருக்கும் நன்றி. ரெடிங் தம்பி சொன்னபடி நகல் கேட்டு எழுதிவிட்டேன். வெம்ப்லி அக்கா, பில்கள் தயாராக இருக்கின்றன, நாளைச் சொல்லுங்கள், வருகிறேன்.

சட்டன் நண்பரிடம் ஒரு கேள்வி. எங்கள் தரைத்தளத்தில் கடைகள் இருக்கின்றன. வீடு அல்லாத பரப்பு 25 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் நிர்வாக உரிமை கிடையாது என்று முன்பு சொல்லிவிட்டார்கள். 2025 மார்ச் 3 முதல் அந்த வரம்பு 50 சதவீதமாகிவிட்டது. வீடுகளில் பாதிப் பேராவது சேர வேண்டும். பதினான்கு வீடுகள் ஒத்துக்கொண்டுவிட்டன, இன்னும் நான்கு வேண்டும். கடைகளின் பரப்பை அளக்க நீங்கள் யாரை வைத்தீர்கள், அளவுக்கு ஃப்ரீஹோல்டர் ஆட்சேபம் எழுப்பினாரா என்பதை எழுதுங்கள்.