தோள்சீலைப் போராட்டத்தைச் சபைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

பாறசாலை டீச்சர்:
பாறசாலையில் எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். ஆராதனை மலையாளத்தில்தான். வீட்டில் ஜெபமும் வேதமும் இன்னும் தமிழில். போன வருடம் ஜூலை 26-ஐ ஒட்டிய ஞாயிறு பிள்ளைகளுக்குத் தோள்சீலைப் போராட்டம் பற்றிச் சொன்னேன். அந்தக் காலத் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் நம் நாடார் பெண்கள் மேல்சாதிக்காரர் முன்னால் மார்பை மறைக்கக்கூடாது என்றிருந்ததை எதிர்த்து நடந்த போராட்டம் அது. மிஷனரிகள் வந்தார்கள், ராஜாவிடம் பேசினார்கள், நம் பெண்களுக்கு மாராப்பு கிடைத்தது என்று முடித்துவிட்டேன். பதிமூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "அப்போ நம்ம பாட்டிமார் என்ன செய்தாங்க டீச்சர்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இந்த முறை அவளுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். உதவுங்கள்.

மார்த்தாண்டம் வாத்தியார்:
டீச்சர், அந்தப் பிள்ளையின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். மிஷனரி தானாக வந்து இறங்கவில்லை. மயிலாடி வேதமாணிக்கம் தஞ்சாவூர் போய் ஞானஸ்நானம் பெற்று, திரும்பி வந்து ஊரில் ஜெபம் நடத்தினார். எங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று அவர் கேட்ட பிறகுதான் 1806-இல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்கு வந்தார்.

துணி விஷயமும் அப்படித்தான். ஆங்கிலேய ரெசிடென்ட் மன்றோ காலத்தில் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் (சட்டை) போடலாம் என்று உத்தரவு வந்தது. நம் பெண்கள் அதோடு நிற்காமல் மேல்சாதிப் பெண்கள் போல மேலே சீலையும் போட்டார்கள். 1822-இல் கல்குளம் பக்கம் அடிதடி. 1829-இல் சீலை போடக்கூடாது என்று அரசே அறிவித்தது. அப்புறமும் போட்டார்கள். சந்தைக்குப் போனால் கிழிப்பார்கள் என்று தெரிந்தே போட்டுக்கொண்டு போனவர்களை நினைத்துப் பாருங்கள். எத்தனை பேர் போனார்கள், அவர்கள் பெயர் என்ன என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு இதில்தான் மனம் ஆறுவதே இல்லை. மிஷனரி மீட் ஐயர் பெயரில் தெரு இருக்கிறது, அந்தப் பெண்களுக்கு ஒன்றும் இல்லை.

1858 கடைசியில் மறுபடி கலவரம். வீடுகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கியதும், 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா அறிவிப்பு வெளியிட்டார். அதில் என்ன இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குப்பாயம் போடலாம், மீனவரான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக்கூடாது. முழு விடுதலை என்று பிள்ளைகளிடம் சொன்னால் அது பொய்.

மிஷனரிகள் செய்ததையும் குறைக்க வேண்டாம். மனு எழுதினார்கள், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார்கள், நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மால்ட் அம்மையார் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ஆனால் "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்ற கலாத்தியர் வசனத்தைக் கேட்டு, அதை உடம்பில் போட்டுக்கொண்டு சந்தைக்கு நடந்தது நம் பாட்டிமார்.

சுவாமித்தோப்புக்காரன்:
டீச்சர், நான் அய்யா வழி, அய்யா வைகுண்டரைப் பின்பற்றுகிறவன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இதைச் சபைக் கதையாக மட்டும் சொல்லாதீர்கள். அய்யா வைகுண்டரை அதே திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. தலையில் துணி கட்டக்கூடாது என்றிருந்த எங்கள் ஆண்கள் அய்யா சொல்லித்தான் தலைப்பாகை கட்டினார்கள். இன்றும் பதியில் (எங்கள் வழிபாட்டிடத்தில்) தலைப்பாகையோடுதான் கும்பிடுகிறோம், கண்ணாடிக்கு முன்னால். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க அய்யா வைத்ததுதான் சுவாமித்தோப்பு முத்திரிக் கிணறு. ஞானஸ்நானம் வாங்காதவர்களும் அதே அடியைத்தான் பட்டார்கள்.

பாறசாலை டீச்சர்:
வாத்தியார் சார், அண்ணாச்சி, இருவருக்கும் நன்றி. இதைப் படித்ததும் எங்கள் அம்மச்சி நினைவு வந்தது. சபையில் யாராவது "ஊழியத்துக்குப் போகிறேன்" என்றால் முகம் சுளிப்பாள். அவளுடைய பாட்டிக்கு ஊழியம் என்றால் கூலியில்லாமல் சர்க்காருக்குச் சுமக்கும் கட்டாய வேலை. கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் விலக்கு உண்டு என்று வந்தபோது அதுதான் அவர்களுக்கு முதல் ஓய்வுநாள். அதே சொல்லை நாம் தேவனுடைய வேலைக்கு வைத்துக்கொண்டோம் என்று நான் இதுவரை யோசித்ததே இல்லை.

சரி, இந்த முறை 1859 அறிவிப்பில் இருந்ததை முதலில் சொல்லி, அப்புறம் கலாத்தியர் வசனத்தை அந்தப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லப் போகிறேன். அண்ணாச்சி, மறுவாரம் பிள்ளைகளைச் சுவாமித்தோப்புக்குக் கூட்டி வரலாமா? ஆயரிடம் கேட்டிருக்கிறேன். சபையில் சிலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் வருவோம்.