பல்கலைக்கழகத்துக்குத் தோட்ட நிலம் எடுக்கும்போது: கோவில், பள்ளி, பாதை, பக்கத்துச் சிறு நிலம்

செம்மண்ரோடு:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் கெடா மாநிலத்தின் தென்பகுதியில் எங்கள் எஸ்டேட் டவுனை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில் ஒரு டிவிஷனை (தோட்டப் பிரிவை) அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் வளாகத்துக்காக எடுக்கிறார்கள். மாவட்ட நில அலுவலகப் பலகையில் நில எடுப்புக்கான முதல் படிவமான பாரம் ஏ ஒட்டியாகிவிட்டது.

அந்த டிவிஷனுக்குள் மாரியம்மன் கோவில், இடுகாடு, தமிழ்ப்பள்ளி, தொழிலாளர்களின் இரண்டு வரிசை லயன் வீடுகள், டவுனுக்குக் குறுக்கே வரும் செம்மண் ரோடு எல்லாம் இருக்கின்றன. ஓரத்தில் தனித்தனிக் கெரான் (நிலப் பட்டா) உள்ள மூன்று ஏக்கர் நிலங்கள் சிலவற்றிலும் ஒரு துண்டு வெட்டுப்படுகிறது. நிர்வாகத்தைக் கேட்டால் "எங்கள் கையில் இல்லை" என்கிறார்கள். நில அலுவலகத்தில் "விசாரணைக்கு வாருங்கள்" என்கிறார்கள்.

யார், எந்தக் கட்டத்தில், எதைக் கேட்க முடியும்? கோவிலையும் இடுகாட்டையும் விலக்க வழி உண்டா? லயத்தில் இருப்பவர்களுக்கு நஷ்டஈடு கிடைக்குமா? எடுத்த நிலத்தைப் பல்கலைக்கழகம் கட்டாமல் போட்டுவைத்தால் திருப்பிக் கேட்க முடியுமா?

பழையகோப்பு:

முதலில் எடுப்பவர் யார் என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மனுக்கள் தவறான மேசைக்குப் போகும். நிலம் மாநிலத்தின் அதிகாரம், உயர்கல்வி மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. அதனால் பல்கலைக்கழகம் விண்ணப்பிக்கும், அமைச்சு ஆதரிக்கும், மாநில ஆட்சிக்குழு முடிவெடுக்கும். எடுத்துக் கொடுப்பவர் மாவட்ட நில நிர்வாகி. பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கு மட்டும் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வீண். மந்திரி பெசார் (மாநில முதல்வர்) அலுவலகம், ஆட்சிக்குழு உறுப்பினர், நில நிர்வாகி ஆகிய மூவருக்கும் ஒரே தேதியில் போக வேண்டும்.

சட்டம், 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். பல்கலைக்கழகம் என்றால் 3(1)(ஏ) பிரிவு, அதாவது பொது நோக்கம். பாரங்களின் வரிசை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பாரம் ஏ, நிலம் தேவைப்படலாம் என்ற முன்னறிவிப்பு மட்டுமே. சர்வேயர்கள் உள்ளே வந்து அளக்க இதுதான் அனுமதி. அடுத்த 12 மாதத்துக்குள் பாரம் டி அரசிதழில் வராவிட்டால் ஏ காலாவதி. பாரம் டி வந்துவிட்டால் "இந்த நிலம் இந்த நோக்கத்துக்குத் தேவை" என்பதற்கு அதுவே முடிந்த சான்று. அதன் பிறகு "தேவையே இல்லை" என்று விசாரணையில் வாதிட இடமில்லை. எடுப்பையே எதிர்ப்பதாக இருந்தால் உயர்நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வுதான் வழி. அதற்கு 3 மாதக் கெடு உண்டு, தீய நோக்கம் போன்ற காரணத்தையும் நிரூபிக்க வேண்டும். அப்படி வென்றவர்கள் குறைவு.

பாரம் டி வெளியாகி 2 ஆண்டுக்குள் தீர்ப்புத்தொகை அறிவிக்காவிட்டால் எடுப்பு முழுவதும் விழுந்துவிடும். இந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

பாரம் இ, விசாரணை அழைப்பு. குறைந்தது 21 நாள் அவகாசம் தர வேண்டும். பாரம் ஜி தீர்ப்பு, பாரம் எச் தொகையைச் சொல்லும் கடிதம், பாரம் கே உடைமை எடுத்ததற்கான அறிவிப்பு. கே வந்தால் நிலம் மாநில அரசாங்க நிலமாகிவிடும். பிறகுதான் அது மத்திய நில ஆணையர் பெயருக்கோ பல்கலைக்கழகத்தின் பெயருக்கோ போகும். அவசரச் சான்றிதழான பாரம் ஐ கூடவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடைமை எடுப்பது மிக வேகமாக நடக்கும்.

மூன்று ஏக்கர்க்காரர்களுக்கு. மதிப்பு கணக்கிடும் தேதி, பாரம் ஏ அரசிதழில் வந்த நாள் (12 மாதத்துக்குள் டி வந்தால்). வளாகம் வரப்போகிறது என்பதால் ஏறிய விலை உங்களுக்குக் கிடைக்காது. இன்னொன்றும் கவனியுங்கள்: மிச்சமிருக்கும் உங்கள் நிலத்தின் மதிப்பு வளாகத்தால் கூடும் என்று மதிப்பீட்டாளர் சொன்னால் அந்தக் கூடுதலை நஷ்டஈட்டிலிருந்து கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. எதிர்ப்பக்கத்தில், நிலம் துண்டானதால் வந்த சேதம், மிச்ச நிலத்துக்கு ஏற்படும் பாதிப்பு, வீடோ தொழிலோ மாற்ற ஆகும் நியாயமான செலவு ஆகியவற்றை நீங்கள் கேட்கலாம். பலர் ஏக்கர் விலையை மட்டும் பேசிவிட்டு இந்த மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். ஓரத்துத் துண்டோடு உங்கள் பாரிட்டும் (வடிகாலும்) லோரி வரும் வாசலும் போகிறதென்றால் நிஜமான இழப்பு அங்கேதான்.

இப்போது அவசரமாக டுரியான் கன்று நடுவது, கொட்டகை போடுவது வேண்டாம். பாரம் டிக்கு முந்தைய 2 ஆண்டுகளில் செய்த மேம்பாட்டை, எடுப்பை நினைக்காமல் நல்லெண்ணத்தோடு செய்தது என்று நிரூபித்தால் ஒழிய மதிப்பில் சேர்க்க மாட்டார்கள்.

பாரம் எச் வந்ததும் "எதிர்ப்புடன் ஏற்கிறேன்" என்ற கட்டத்தைத்தான் குறிக்க வேண்டும். எதிர்ப்பில்லாமல் வாங்கிவிட்டால், தொகையை நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்கும் ஆட்சேப மனுவான பாரம் என் போட முடியாது. விசாரணையில் இருந்தவர்களுக்கு, தீர்ப்பு வந்ததிலிருந்து 6 வாரம்தான் கெடு. பதிவுபெற்ற தனியார் மதிப்பீட்டாளரின் அறிக்கையை விசாரணை நாளிலேயே கொடுத்துவிடுங்கள். அது கோப்பில் இருந்தால்தான் பிறகு நீதிமன்றத்தில் பேச அடித்தளம் இருக்கும். 2017இல் செமினி ஜெயா வழக்கில் மதிப்பீட்டாளர்களின் முடிவே தொகையைத் தீர்மானிக்கும் என்ற 40டி பிரிவைக் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. தொகையை முடிவு செய்வது நீதிபதிதான், கூட அமரும் மதிப்பீட்டாளர்கள் அல்ல. சிறு நிலக்காரர்களுக்கு இது பெரிய பலம்.

சங்கிலிக்கணக்கு:

மேலே அண்ணன் சொன்னது பணத்தின் வழி. கோவில், இடுகாடு, பள்ளி, ரோடு நான்குக்கும் வழி பணம் இல்லை, வரைபடம். எடுப்பு வரைபடத்தில் சிவப்புக் கோடு எங்கே போகிறது என்பதுதான் எல்லாமே. அந்தக் கோட்டை ஏ-க்கும் டி-க்கும் நடுவில் நகர்த்துவது சுலபம். டி வந்த பிறகும் 35ஆவது பிரிவின்கீழ், உடைமை எடுக்காத நிலத்தை விலக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்குள் வளாகத்தின் கட்டட வரைபடம் முடிவாகியிருக்கும், யாரும் திருத்த விரும்ப மாட்டார்கள். பாரம் கே வந்த பிறகு அந்தத் துண்டை மீட்க, நிலத்தை யார் பெயரில் பதிந்தார்களோ அவரே சம்மதித்துத் திருப்பி ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே இந்த மாதமே செய்ய வேண்டியது: உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு கோவில், இடுகாடு, பள்ளி, ரோடு நான்கையும் அளந்து எடுப்பு வரைபடத்தின்மேல் பொருத்தி ஒரே தாளில் வரையுங்கள். கோவிலுக்குக் கட்டடத்தை மட்டும் அளக்காதீர்கள். தேர் திரும்பும் இடம், தீமிதிக் குழி, அன்னதானக் கொட்டகை, கிணறு எல்லாம் எல்லைக்குள் வர வேண்டும். கருவறையும் முன்மண்டபமும் மட்டும் விலக்கப்பட்டு, சுற்றி வேலி போட்ட பிறகு திருவிழாவுக்கு இடமில்லாமல் போவது இப்படித்தான். இடுகாட்டுக்குக் கல்லறை தெரிகிற இடத்தோடு நிற்காதீர்கள், பெயர்ப்பலகை இல்லாத பழைய குழிகள் ஓரத்தில்தான் இருக்கும்.

விலக்கினால் மட்டும் போதாது. விலக்கிய துண்டு இன்னமும் தோட்டக் கம்பெனியின் நிலம்தான். கம்பெனி அதை மாநிலத்துக்கு ஒப்படைத்து, மாநிலம் தேசிய நிலச் சட்டம் 62ஆவது பிரிவின்கீழ் கோவிலுக்கு, இடுகாட்டுக்கு என்று ஒதுக்கீடாக அரசிதழில் போடுவது உறுதியான முறை. கோவில் நிர்வாகத்தின் பெயருக்கு நேராக மாற்றலாம் என்று கம்பெனி சொன்னால் 214ஏ பிரிவு குறுக்கே வரும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாக்கிக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும், அது காலம் பிடிக்கும். எந்த வழியாக இருந்தாலும் கோவில் கமிட்டி சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற்று, ஆண்டறிக்கை பாக்கியில்லாமல் இருக்க வேண்டும். பெயரில்லாத கமிட்டிக்கு யாரும் கடிதம் எழுத மாட்டார்கள்.

செம்மண் ரோடு தனியார் தோட்ட ரோடு. எத்தனை தலைமுறை நடந்திருந்தாலும் வரைபடத்தில் பொதுச் சாலை இல்லையென்றால் வேலி வந்ததும் அடைபடும். நில நிர்வாகியிடம் வழியுரிமை விண்ணப்பிக்கத் தேசிய நிலச் சட்டத்தில் ஏற்பாடு இருக்கிறது. அதைவிட மேல், வளாகத்தின் சாலை வரைபடத்திலேயே அந்தத் தடத்தைப் பொதுச் சாலை ஒதுக்கீடாகச் சேர்க்கச் சொல்வது. பிண ஊர்வலமும் பள்ளி வேனும் எந்த வாசல் வழியாக வரும் என்று வரைபடத்தில் கோடாகவே காட்டுங்கள்.

பள்ளி விஷயத்தில் முதலில் நிலம் யார் பெயரில் என்று கெரானைத் தேடிப் பாருங்கள். கம்பெனி நிலத்தில் நிற்கும் பகுதி உதவிபெறும் பள்ளியாக இருந்தால் வாரியமும் தலைமையாசிரியரும் மாவட்டக் கல்வி இலாகா வழியாக உடனே எழுத வேண்டும். பள்ளியை இடம் மாற்றக் கல்வி அமைச்சின் அனுமதி தேவை. மாற்று நிலமும் கட்டடமும் தயாராகும்வரை பழைய கட்டடத்தை இடிக்கக்கூடாது என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள்.

செம்மண்ரோடு:

நன்றி அண்ணே. கெரான் தேடிப் பார்த்ததில் பள்ளி நிலம் கம்பெனி பெயரில்தான் இருக்கிறது. லயத்துக்காரர்கள் பற்றி யாராவது சொல்லுங்களேன். பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள், மாத வாடகை எதுவும் இல்லை.

சங்கமேசை:

தம்பி, இதில் நம்பிக்கை ஊட்டிப் பேசுவது துரோகம், அதனால் உள்ளபடி சொல்கிறேன். நில எடுப்புச் சட்டத்தில் "அக்கறையுள்ள நபர்" என்ற விளக்கத்திலேயே, உரிமையாளர் விரும்பும்வரை மட்டும் குடியிருப்பவர் சேரமாட்டார் என்று இருக்கிறது. லயத்தில் இருப்பவர்களை அந்தக் கணக்கில்தான் வைப்பார்கள். வீட்டுக்கு நஷ்டஈடு கம்பெனிக்குப் போகும்.

ஆனாலும் விசாரணைக்குப் போக வேண்டும். நிலத்தில் குடியிருப்பவருக்கும் அழைப்பு சேர்க்கச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்கு ஒரு தாள்: குடும்பத் தலைவர், எத்தனை பேர், எந்த ஆண்டு முதல், வேலை பார்த்த காலம், மின்சார பில், பின்னால் உள்ள தோட்டம், மாட்டுக்கொட்டகை. இது நில நிர்வாகியின் கோப்பில் ஏறிவிட்டால், பிறகு மாநிலம் கருணைத்தொகையோ மாற்று வீடோ தரும்போது இந்தப் பட்டியல்தான் அடிப்படை. பட்டியல் இல்லாத ஊரில் கடைசி நிமிடத்தில் பெயர் விட்டுப்போகும்.

வேலையில் இருப்பவர்களுக்குத் தனி உரிமை உண்டு. டிவிஷன் மூடப்பட்டு வேலை போனால் 1980ஆம் ஆண்டு பணிநிறுத்த நன்மை விதிகளின்படி, ஓராண்டு முடித்தவர்களில் 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். நோட்டீஸ் காலம் முறையே 4, 6, 8 வாரம், ஒப்பந்தத்தில் வேறு இல்லையென்றால். வேறு டிவிஷனுக்கு மாற்றுகிறோம் என்று வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள், சேவைக்காலம் தொடரும் என்று கடிதம் வேண்டும்.

மாற்று வீடு என்றால் எங்கே, என்ன தரம், யார் பெயரில் என்று முதலிலேயே எழுத வேண்டும். புத்ராஜெயாவுக்காகப் பிராங் பெசார் முதலான தோட்டங்கள் எடுக்கப்பட்டபோது தொழிலாளர்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். கட்டடம் விரிசல் விட்டு, தரை வீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. "வீடு தருவோம்" என்ற ஒரு வரியை நம்பி லயத்தைக் காலிசெய்யக் கூடாது என்பதற்கு அந்த ஒரு உதாரணம் போதும்.

வளாகவரைபடம்:

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கட்டாமல் போட்டால் திரும்பக் கேட்க முடியாது. 1991இல் சேர்த்த 68ஏ பிரிவு, எடுத்த பிறகு நிலத்தை வேறு விதமாகப் பயன்படுத்தினாலும் கைமாற்றினாலும் எடுப்பு செல்லாமல் போகாது என்கிறது.

பல்கலைக்கழகங்கள் நிலத்தைப் பெரிதாக எடுத்து மெதுவாகப் பயன்படுத்தும். அது வேண்டுமென்றே செய்வது, அடுத்த ஐம்பது ஆண்டுக்கு இடம் பிடிப்பது. பயன்பாடும் மாறிக்கொண்டே போகும். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யூகேஎம் 1970இல் லெம்பா பந்தாயில் தொடங்கி 1977இல் பாங்கிக்கு மாறியது. ஆனால் அதன் மருத்துவமனை நின்றது கோலாலம்பூர் செராஸில். பினாங்குப் பல்கலைக்கழகத்துக்கு முதலில் பேசப்பட்ட இடம் சுங்கை ஆரா, போய் அமர்ந்தது மிண்டன் பழைய ராணுவ முகாமில். அதன் பொறியியல் வளாகம் பேராக்கிலிருந்து 2001இல் நிபோங் திபாலுக்கு வந்தது, விட்டுவந்த இடத்தில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம் நிற்கிறது. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகம் 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி 1971இல் பல்கலைக்கழகமானது. அங்கே பண்ணை நிலமும் பாடத்தின் பகுதி. இன்று பாரம் டியில் "மருத்துவ வளாகம்" என்று இருந்தாலும் பதினைந்து ஆண்டு கழித்து அங்கே வேறொன்று நிற்கலாம்.

அதனால் டவுனுக்கு என்ன வேண்டுமோ அதைக் கட்டங்களோடு கட்டிப்போடுங்கள். மாவட்ட உள்ளூர்த் திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வரும்போது ஆட்சேபம் தெரிவிக்கலாம். பேருந்து நிறுத்தம், பொதுச் சாலை, வெள்ளத் தேக்கக் குளம் மூன்றும் முதல் கட்டத்திலேயே என்று கேளுங்கள். மூன்றாம் கட்டம் பல இடங்களில் வருவதே இல்லை.

உடனடித் தொல்லை இரண்டு. மண் வேலை தொடங்கினால் தோட்டத்துப் பாரிட்டுகள்தான் முதலில் அடைபடும். உங்கள் பக்கம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம், மொட்டை நிலத்தின் சேறு நேராக டவுன் கால்வாய்க்கு வரும். மண் அரிப்புத் தடுப்புத் திட்டமும் வண்டல் குளமும் நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் ஒப்புதலோடு, செம்பனையைச் சாய்ப்பதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, சாய்த்த மரங்கள். திறந்தவெளியில் எரிக்கக் கூடாது. முழுத் தண்டாகக் குவித்து விட்டால் அழுகி, காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். அந்த வண்டு குருத்தைத் துளைப்பது பக்கத்து மூன்று ஏக்கரில் புதிதாக நட்ட இளம் செம்பனையைத்தான். தண்டை மெல்லிய துண்டுகளாகச் சீவி, ஒரே அடுக்காகப் பரப்பிக் காயவிட வேண்டும் என்று குத்தகைக்காரரின் ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். கட்டாமல் காலியாகக் கிடக்கப்போகிற பகுதியில் மரங்களைச் சாய்க்காமலே விட்டு, அறுவடையைக் குத்தகைக்கு விடச் சொல்வது அதைவிட நல்லது. லாலான் புல் மண்டாது, வண்டு வராது, வேலை இழந்தவர்களில் சிலருக்காவது அங்கே குலை வெட்டும் வேலை கிடைக்கும்.

சங்கிலிக்கணக்கு:

ஒரு சேர்க்கை. விசாரணை நாளுக்கு அந்த ஒரே தாள் வரைபடத்தை ஆறு பிரதி கொண்டுபோங்கள்: நில நிர்வாகி, கம்பெனி, பல்கலைக்கழகப் பிரதிநிதி, மதிப்பீட்டு இலாகா, நகராண்மைக் கழகம், உங்கள் கோப்பு. ஒவ்வொன்றிலும் நில அலுவலகத்தின் "பெற்றோம்" முத்திரையும் தேதியும் வாங்கிய பிறகே வெளியே வாருங்கள்.