சிந்த்ரா மூரிஷ் கோட்டை: முழங்கால் வலியோடு ஏறலாமா?

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் போர்ச்சுகலின் லிஸ்பன் போகிறோம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. சமாளிப்பாரா?

பதில்: லிஸ்பனின் ரோசியோ நிலையத்தில் ரயில் ஏறினால் சிந்த்ரா ஊருக்குச் சுமார் 40 நிமிடம். சிந்த்ராவில் இறங்கி நடக்க வேண்டாம், செங்குத்தான ஏற்றம். 434 பேருந்து பிடியுங்கள். ஒருவழிச் சுற்று என்பதால் முதலில் கோட்டை, பிறகு பேனா அரண்மனை.

பதில்: சிக்கலே மதில்மேல்தான். படிகள் ஒரே உயரத்தில் இருக்காது. உட்பக்கம் பல இடங்களில் கைப்பிடி கிடையாது. மூடுபனி இறங்கினால் கல் வழுக்கும். அம்மா கீழே நீர்த்தொட்டியைப் பார்க்கட்டும், நீங்கள் மட்டும் அரச கோபுரம் ஏறுங்கள். கோட்டை இருக்கும் இடத்தின் உயரம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். காற்று பலமாக அடிக்கும், ஜாக்கெட் கட்டாயம்.

பதில்: மூர்கள் எனும் வட ஆப்பிரிக்க முஸ்லிம்களிடமிருந்து 1147இல் கிறிஸ்தவர் கைக்கு மாறிய கோட்டை இது. மதிலை 19ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் ஃபெர்னாண்டோ சீரமைத்தார். எல்லாமே மூர்கள் வைத்த கல் என்று நினைக்காதீர்கள்.