காதுக் கருவிக்குக் காப்பீட்டில் பணம் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். ஐம்பதை நெருங்குகிறேன். அம்மாவுக்கு மறதி நோய் வந்ததிலிருந்து என் மூளையைப் பற்றிய கவலை அதிகமாகிவிட்டது.

2024-இல் வந்த லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை, மறதி நோய்க்கு வழிவிடும் காரணங்களில் நாம் மாற்றக்கூடியவை 14 என்கிறது. எல்லாவற்றையும் சரிசெய்தால் ஏறக்குறைய 45 சதவீத பாதிப்பைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். நடுவயதில் கவனிக்கச் சொல்பவற்றில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, அப்புறம் காது கேளாமை.

என் சிக்கல் காதுதான். நாலு பேர் சேர்ந்து பேசினால் எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிகிறது. கருவி வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். என் தனியார் பாலிசியைப் புரட்டினால், காதுக் கருவி விலக்குப் பட்டியலில் இருக்கிறது. நோய் வந்து படுத்தால் பணம் உண்டு, வராமல் பார்த்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. நல்ல கணக்கு!

கருவிக்கோ கேட்டல் பரிசோதனைக்கோ பணம் தரும் பாலிசி வைத்திருப்பவர்கள், கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்தீர்களா என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. வேறு நிறுவனத்துக்கு மாறினால் அம்மாவின் நோயைக் கேட்பார்களா? இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதை மறைக்கப்போவதில்லை. மறைத்தால், பின்னால் கிளெய்மை நிராகரிக்க அதுவே போதும். ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராத அந்தக் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்குமா? மாறிய அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். முகவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.